கோங்க் ஊர் சாந்த் ஃபுவா கோயிலை நிதானமா பார்க்க ஒரு முழு வழிகாட்டி

தெற்கு ஃபிரான்ஸ்ல அவெரோன் மாவட்டத்துல மலைச்சரிவுல ஒட்டிக்கிட்டு நிக்கிற ஒரு குட்டி ஊரு கோங்க். பத்து நிமிஷத்துல ஊரை சுத்தி வந்துடலாம், ஆனா நடுவுல நிக்கிற, சாந்த் ஃபுவாங்கற புனிதை பேர்ல கட்டின பழைய கிறிஸ்தவக் கோயில் அந்த ஊரோட அளவுக்கு சம்பந்தமே இல்லாத அளவு பெருசு. நான் முதல் தடவை போனப்ப மதியம் ஒன்றரை மணி நேரம் பார்த்துட்டு கிளம்பிட்டேன், ரெண்டாவது தடவை அம்மாவைக் கூட்டிட்டு போய் ரெண்டு ராத்திரி தங்கினேன், அப்பதான் இந்தக் கோயில் என்னன்னே புரிஞ்சுது. அதனாலதான் இதை எழுதறேன். இந்தக் கோயிலை எந்த வரிசையில, எந்த நேரத்துல, எதை கவனிச்சு பார்க்கணும்ங்கறதை எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் முழுசா சொல்றேன்.

ஒரு விஷயத்தை மட்டும் இப்பவே மனசுல வச்சுக்கோங்க. இந்தக் கோயில்ல இருக்கிற எல்லாமே, அதோட நீளம், உயரம், சுத்துப்பாதை, வாசல் சிற்பம் எல்லாமே, நடந்து வந்த ஜனக்கூட்டத்துக்காக கட்டினது. எங்க நின்னாலும் "இது எந்தக் கூட்டத்துக்காக?"ன்னு கேட்டுப் பாருங்க, பாதி விஷயம் தானா விளங்கிடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி

ரொதேஸ்தான் பக்கத்துல இருக்கிற டவுன், அங்கிருந்து சுமார் 40 கிமீ. துலூஸ்ல இருந்து ரொதேஸுக்கு ட்ரெயின் இருக்கு, ஆனா அதுக்கப்புறம் கோங்க்குக்கு பஸ் ரொம்ப கம்மி, அதனால கார் இருந்தா நிம்மதி. காரை ஊருக்கு வெளிய பார்க்கிங்ல விட்டுட்டு நடந்துதான் உள்ள போகணும். தெரு பூரா சரிவு, கல்லு பாவின தரை, மழை பெஞ்சா வழுக்கும், அதனால நல்ல பிடிமானம் உள்ள ஷூ போட்டுக்கோங்க. ஒரு சின்ன பைனாகுலர் இருந்தா கண்டிப்பா எடுத்துக்கோங்க, தூண் தலைப்புல இருக்கிற சிற்பங்கள் எல்லாம் தலைக்கு மேல பல மீட்டர் உயரத்துல இருக்கு.

ஒரு ராத்திரியாவது தங்கணும், இதை நான் அழுத்தமாவே சொல்றேன். பகல்ல வந்துட்டுப் போற பஸ் கூட்டம் சாயங்காலம் கிளம்பினதும்தான் ஊரு தன் முகத்தைக் காட்டும். ஜூலை ஆகஸ்ட்ல கூட்டம் ஜாஸ்தி, மே கடைசியோ செப்டம்பரோ போனா நல்லது. அக்டோபர் 6 சாந்த் ஃபுவா திருநாள், அதை ஒட்டிப் போக முடிஞ்சா இன்னும் நல்லது.

கதையை முதல்ல கேட்டுக்கோங்க

கதை தெரியாம போனா அங்க கல்லுதான் தெரியும்.

8ஆம் நூற்றாண்டு கடைசியில தாதோன்னு ஒரு துறவி, ஆள் நடமாட்டமே இல்லாத இந்தப் பள்ளத்தாக்குல வந்து தனியா உட்கார்ந்து ஜெபம் பண்றாரு, அவரைச் சுத்தி நாலு பேர் சேர்றாங்க, அது மடமா ஆகுது. சார்லமேன் பேரரசரோட மகன் லூயி ராஜா ஆதரவு குடுக்கறாரு, 819ஆம் வருஷத்து சாசனத்துலயே இந்த மடத்தைப் பத்தி இருக்கு. பள்ளத்தாக்கு சிப்பி மாதிரி வளைஞ்சு இருக்கறதால லத்தீன்ல சிப்பிக்கு உள்ள சொல்லை வச்சு கோங்க்னு பேரு வந்துதுன்னு சொல்லுவாங்க.

இடம் அழகுதான், ஆனா வயக்காடு கம்மி, வழி கஷ்டம், வருமானம் கிடையாது. இதுல பக்கத்துல ஃபிஜாக்ல இன்னொரு மடம் வேற எழும்பி, வசதியான இடத்துல இருக்கோம்னு போட்டிக்கு நிக்குது. அந்தக் காலத்துல ஒரு மடம் பிழைக்கணும்னா ஜனம் வரணும், ஜனம் வரணும்னா ஒரு பெரிய புனிதரோட திருப்பண்டம், அதாவது எலும்போ மண்டையோடோ, இருக்கணும். கோங்க்ல அது இல்ல.

அழான் ஊர்ல இருந்துது. சாந்த் ஃபுவாங்கற பன்னிரண்டு வயசுப் பொண்ணு, ரோமானியர் காலத்துல 303 வாக்குல சிலைக்கு பலி குடுக்க மாட்டேன்னு சொன்னதுக்காக இரும்பு கிராதி மேல நெருப்புல வாட்டி, அப்புறம் தலையை வெட்டிக் கொன்னாங்கன்னு மரபு சொல்லுது. ஃபுவான்னாலே விசுவாசம்னுதான் அர்த்தம். அந்தப் பொண்ணோட கல்லறை அழான்ல பெரிய பேரோட இருக்கு. கோங்க்ல இருந்து ஒரு துறவி அங்க போறாரு, அந்த சமூகத்துலயே சேர்றாரு, நம்பிக்கையைச் சம்பாதிக்கிறாரு, பத்து வருஷம் பொறுமையா இருந்து கடைசியில கல்லறைக் காவலுக்கே அவரைப் போடறாங்க, ஒரு நாள் ராத்திரி யாரும் இல்லாத நேரம் பார்த்து கல்லறையைத் திறந்து எலும்பை எடுத்துக்கிட்டு கோங்க் வந்து சேர்ந்துட்டாரு. 866ன்னு சொல்றாங்க. இதைத் திருட்டுன்னு அவங்க மறைக்கவே இல்ல, பெருமையாவே எழுதி வச்சாங்க, ஏன்னா அந்தப் புனிதைக்கே வர விருப்பம் இல்லேன்னா இது நடந்திருக்குமா, அவளே சம்மதிச்சுதான் வந்தாங்கறது அவங்க நியாயம். அந்தக் காலத்து மனசைப் புரிஞ்சுக்க இந்த ஒரு நியாயம் போதும்னு எனக்குத் தோணும்.

அதுக்கப்புறமும் உடனே கூட்டம் கொட்டிடல. நூறு வருஷம் தாண்டி, கண்ணைத் தோண்டி எடுக்கப்பட்ட கிபேர்ன்னு ஒருத்தருக்கு சாந்த் ஃபுவா திரும்ப கண்ணு குடுத்தான்னு செய்தி பரவுது, அங்கிருந்துதான் பிடிச்சுது. குருடருக்குக் கண்ணு, கைதிக்கு விடுதலை, இதுதான் இவளோட ரெண்டு வேலை. ஜெயில்ல இருந்தோ, எதிரி கோட்டையில இருந்தோ தப்பிச்சவங்க தங்களைக் கட்டியிருந்த சங்கிலியைத் தூக்கிட்டு வந்து கோயில்ல போடுவாங்க. அதோட இவ சின்னப் பொண்ணுங்கறதால குறும்பும் உண்டு, கனவுல வந்து உன் மோதிரத்தைக் குடு, வளையலைக் குடுன்னு அடம் பிடிப்பாளாம், குடுக்காதவங்க பாடு கஷ்டம். இந்த அற்புதங்களையே ஜனங்க புனிதையோட விளையாட்டுன்னுதான் சொன்னாங்க.

அதே நேரம் ஸ்பெயின்ல இயேசுவோட சீடர் சந்தியாகப்பரோட கல்லறைக்கு யாத்திரை போறது ஐரோப்பா பூரா பரவுது. லெ புய் ஊர்ல இருந்து கிளம்பற பாதை நேரா கோங்க் வழியாத்தான் போகும். "சந்தியாகப்பர் கோயிலுக்கா இவ்வளவு தூரம் நடக்கறாங்க?"ன்னு அம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. ஆமா, இன்னிக்கும் நடக்கறாங்க, ஜிஆர் 65ன்னு அந்தப் பாதைக்குப் பேரு, லெ புய்ல இருந்து கோங்க் வரைக்குமே சுமார் 200 கிமீ. தெருவுல முதுகுல மூட்டையும் அதுல தொங்கற யாத்திரை அடையாளச் சிப்பியுமா வர்றவங்களைப் பார்ப்பீங்க, சிலர் கோயில் வாசலுக்கு வந்ததும் மூட்டையை இறக்கி வச்சுட்டு தரையிலயே உட்கார்ந்துடுவாங்க.

முதல்ல தூரத்துல இருந்து பாருங்க

நேரா கோயில் வாசலுக்கு ஓடாதீங்க. எதிர் மலையில பங்கரெல்னு ஒரு பார்வை இடம் இருக்கு, கார் இருந்தா முதல்ல அங்க போங்க. காட்டுக்கு நடுவுல ஊரு முழுசா தெரியும், வீட்டுக் கூரை எல்லாம் சாம்பல் நிறப் பலகைக்கல், மீன் செதில் மாதிரி அடுக்கியிருக்கும், அதுக்கு நடுவுல மூணு கோபுரம். அங்க நின்னு பார்த்தாத்தான் கட்டினவங்களோட சிரமம் புரியும். சரிவுல கிடைச்ச சின்ன சமதளத்துல கட்டணும், நீளமா இழுக்க இடம் இல்ல, அதனால மேல மேல போயிருக்காங்க. மொத்த நீளம் சுமார் 56 மீட்டர்தான், ஆனா நடுக்கூடத்து உயரம் 22 மீட்டர். வாசல் பக்கத்து ரெண்டு கோபுரமும் 19ஆம் நூற்றாண்டு சீரமைப்புல எழுப்பினது, அதை நடுக்காலத்து வேலைன்னு நினைச்சுடாதீங்க.

கட்டினது யாருன்னா, 11ஆம் நூற்றாண்டு நடுவுல ஒதோல்ரிக்ங்கற மடாதிபதி ஆரம்பிச்சு வச்சாரு, அவருக்குப் பின்னாடி வந்தவங்க தொடர்ந்தாங்க, பெகோன்ங்கற மடாதிபதி 1087ல இருந்து 1107 வரைக்கும் இருந்தாரு, அவர் காலத்துலதான் மடத்து முற்றமும் பொக்கிஷ வேலையும் பெருசா நடந்துது. 12ஆம் நூற்றாண்டு முதல் பாதியில முடிஞ்சுது. மஞ்சள் நிற சுண்ணாம்புக்கல், சிவப்பு மணற்கல், சாம்பல் நிற பலகைக்கல்னு கல்லு மாறிக்கிட்டே வரும். சுவத்துல அந்த நிற மாற்றத்தை கவனிச்சீங்கன்னா வேலை எங்க நின்னு எங்க திரும்ப ஆரம்பிச்சுதுன்னே ஊகிக்கலாம்.

வாசல் சிற்பம்: இங்கதான் நேரத்தை செலவு பண்ணணும்

மேற்கு வாசலுக்கு மேல அரைவட்டமா ஒரு பெரிய சிற்பப் பலகை. அகலம் கிட்டத்தட்ட 6.70 மீட்டர், உயரம் 3.60 மீட்டர், அதுக்குள்ள 124 உருவம். கடைசித் தீர்ப்பு நாள். 12ஆம் நூற்றாண்டு ஆரம்பத்து வேலை. மேற்கு பார்த்த வாசல்ங்கறதால காலையில நிழல்ல கிடக்கும், சாயங்கால வெயில்தான் நேரா விழும், அப்ப வாங்க. அந்த வெளிச்சத்துல உத்துப் பார்த்தா நீலமும் சிவப்புமா பழைய வண்ணம் இன்னும் அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கறது தெரியும். முழுக்க வண்ணம் பூசின சிற்பமா இருந்துதுங்க இது.

பார்க்கற முறை சொல்றேன். நடுவுல கிறிஸ்து, வலது கை மேல தூக்கி, இடது கை கீழ இறங்கி. அவரோட வலது பக்கம், அதாவது நமக்கு இடது பக்கம், மோட்சம். நமக்கு வலது பக்கம் நரகம். மோட்சத்துப் பக்கம் எல்லாம் வரிசையா, அமைதியா, வளைவுக்குக் கீழ உட்கார்ந்து இருப்பாங்க. நரகத்துப் பக்கம் ஒரே நெரிசல், கை கால் தலை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி, எது யாருதுன்னே தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தன் தூரத்துல நின்னு பார்த்தாக்கூட, ஒழுங்கு ஒரு பக்கம் குழப்பம் ஒரு பக்கம்னு ஒரே பார்வையில தெரிஞ்சுடும்.

மோட்சத்துப் பக்க ஊர்வலத்தை முதல்ல பாருங்க. முன்னாடி மாதா, பின்னாடி மோட்சத்துச் சாவியோட இராயப்பர், அதாவது பேதுரு, அப்புறம் தாதோன் துறவி, அதுக்குப் பின்னாடி ஒரு மடாதிபதி கையைப் பிடிச்சு கூட்டிட்டு வர்ற ராஜா, அவரு சார்லமேன்னு சொல்றாங்க. நல்லா கவனிங்க, அவ்வளவு பெரிய பேரரசர் தலை குனிஞ்சு தயங்கித் தயங்கி நடந்து வர்றாரு. தன் புண்ணியத்தால வரல, இந்த மடத்துக்கு குடுத்த கொடையாலயும் துறவிங்க ஜெபத்தாலயும்தான் உள்ள போறாருன்னு சொல்லாம சொல்றாங்க, வாசல்ல வந்து நிக்கிற பிரபுக்களுக்கு அது புரியும்ல.

அதுக்குக் கீழ ஒரு சின்ன முக்கோண இடத்துல குட்டி சாந்த் ஃபுவா, தரையோட தரையா குப்புற விழுந்து கும்பிடறா. மேல இருந்து ஒரு கை மட்டும் இறங்கி வருது, கடவுளோட கை. அவளுக்குப் பின்னாடி வளைவுல சங்கிலி விலங்கெல்லாம் தொங்கும், விடுதலையான கைதிங்க கொண்டு வந்து போட்டது. எனக்கு இந்த மொத்தச் சிற்பத்துலயும் பிடிச்ச இடம் அந்த மூலைதான்.

நடுவுல கிறிஸ்துவுக்குக் கீழ தராசு. ஒரு பக்கம் மிக்கேல் சம்மனசு, அதாவது தேவதூதர், எதிர்ல ஒரு பிசாசு, ரெண்டு பேரும் நேருக்கு நேர் முறைச்சுக்கிட்டு நிப்பாங்க. பிசாசு ஒரு விரலால தன் பக்கத்துத் தட்டை அழுத்தறான் பாருங்க, சந்தைக் கடையில எடை போடறவன் பண்ற அதே வேலை. அன்னிக்கு வந்த வியாபாரிங்களுக்கு இதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்ல.

கீழ் வரிசையில ரெண்டு கதவு பக்கத்துல பக்கத்துல. மோட்சத்துக் கதவுல கீல், பூட்டு, சாவி துவாரம் வரைக்கும் கல்லுல செதுக்கியிருக்காங்க. ஊர்ல இருக்கிற பழைய மரக்கதவுங்களைப் பார்த்துட்டு திரும்ப வந்து இதைப் பாருங்க, ஊர் தச்சர் செஞ்ச கதவைப் பார்த்து அப்படியே செதுக்கின மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் நரகத்துக்கு ஒரு ராட்சச மிருகத்தோட வாய், அதுக்குள்ள ஆளுங்களை பிசாசு தள்ளிக்கிட்டு இருக்கு.

நரகத்துக்குள்ள யார் யாரு? குதிரையோட தலைகீழா விழற வீரன், அது கர்வம். கழுத்துல பணப்பையோட தூக்குல தொங்கறவன், கஞ்சன். கள்ள நாணயம் அடிச்சவன். மேல வலையில மாட்டின ஆயர்கள், ஆமா, பிஷப்புங்களே, தப்பு பண்ணின சபைத் தலைவர்களையும் விடல. கிரீடத்தை பிசாசு கடிக்க, துணியில்லாம நிக்கிற ராஜா. முயல் மாதிரி ஒரு பிசாசு ஒரு ஆளைக் கம்பியில குத்தி நெருப்புல வாட்டும், திருட்டு வேட்டை ஆடினவனுக்கு முயல் பதில் குடுக்குதுன்னு சொல்லுவாங்க. பன்னிரண்டாம் நூற்றாண்டு கிராமத்து ஜனம் இதைப் பார்த்து பயந்திருப்பாங்க, ஆனா ஆயரும் ராஜாவும் உள்ள கிடக்கறதைப் பார்த்து மனசு கொஞ்சம் லேசாவும் ஆகியிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

வரிசைங்களுக்கு நடுவுல ஓடற பட்டையில லத்தீன் வரி செதுக்கியிருக்கு. கடைசி வரி நேரா நம்மளைப் பார்த்து பேசும்: பாவிகளே, நடத்தையை மாத்திக்கலேன்னா கடுமையான தீர்ப்பு காத்திருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க.

எல்லாம் பார்த்து முடிச்சதும் வெளி வளைவோட ஓரத்தைப் பாருங்க, இதை முக்கால்வாசிப் பேர் கவனிக்காம விட்டுடறாங்க. சின்னச் சின்ன முகங்கள், ஒரு பட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு விரலால ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்க்கும். ஊர்ல இவங்களுக்கு ஆர்வக்காரங்கங்கற மாதிரி ஒரு செல்லப் பேரே இருக்கு. பைனாகுலர்ல அந்த விரல் நகத்தைப் பார்த்தப்ப அம்மா, "இதுங்க மறைப்புக்குப் பின்னால நின்னு கல்யாண வீட்டை எட்டிப் பார்க்கற புள்ளைங்க மாதிரி இருக்கு"ன்னாங்க.

உள்ள போற வரிசை

உள்ள நுழைஞ்சதும் அப்படியே ஒரு நிமிஷம் நில்லுங்க, கண்ணு தானா மேல போகும். நடுக்கூடத்துக்கு அரை உருளை மாதிரி கல்லு வளைகூரை. அவ்வளவு கனம் பக்கவாட்டுல தள்ளும், அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் ரெண்டு பக்கக் கூடத்துக்கும் மேல மாடிக்கூடம் கட்டியிருக்காங்க, அதோட வளைவு ரெண்டு பக்கமும் தோள் குடுக்கற மாதிரி நிக்குது.

இப்ப பக்கக் கூடம் வழியா நடங்க. நடுவுல போக வேண்டாம், யாத்ரீகர் போன வழியில போங்க. பக்கக் கூடம் நேரா போய், பீடத்தைச் சுத்தி ஒரு பாதையா வளைஞ்சு, மறுபக்கம் வெளிய வரும், அந்தப் பாதையை ஒட்டி சின்னச் சின்ன சிற்றாலயங்கள். நடுவுல துறவிங்க ஜெபம் பண்ணிக்கிட்டு இருப்பாங்க, அவங்களைத் தொந்தரவு பண்ணாம ஜனம் திருப்பண்டத்தைச் சுத்தி கும்பிட்டுட்டு போகலாம். துலூஸ்ல சான் செர்னான் கோயில், ஸ்பெயின்ல சந்தியாகப்பர் கோயில் எல்லாம் இதே அமைப்புதான், அதுல அளவுல சின்னது கோங்க்.

பீடத்தைச் சுத்தி இரும்புக் கிராதி அடைப்பு இருக்கும், சுருள் சுருளா, மேல முள்ளு மாதிரி கூர்மையா. 12ஆம் நூற்றாண்டு வேலை. கைதிங்க கொண்டு வந்து குவிச்ச சங்கிலியை உருக்கித்தான் இதைச் செஞ்சாங்கன்னு மரபு. வெளிய சிற்பத்துல சாந்த் ஃபுவாவுக்குப் பின்னாடி தொங்கின சங்கிலியை இந்த இடத்துல நினைச்சுக்கோங்க. அங்கேயே பீடத்துத் தூண்களையும் பாருங்க, 1568ல மதச் சண்டையில புராட்டஸ்டன்ட் படை தீ வச்சதுல அடிபட்டு, அப்புறம் சுத்தி கல்லுக்கட்டு வச்சு தாங்க வச்சாங்க.

சிலுவை வடிவக் கோயிலோட வடக்குக் கையில, மேல, மங்கள வார்த்தை சிற்பம். கபிரியேல் சம்மனசு வந்து மாதாகிட்ட இயேசுவைப் பெத்தெடுக்கப் போறீங்கன்னு சொல்றாரு, மாதா நூல் நூத்துக்கிட்டு இருந்தவங்க, பக்கத்துல வேலைக்காரப் பொண்ணு நூல்கண்டை வாங்கிக்கறா. அந்த நூல்கண்டுக்காகவே இதைப் பாருங்க. அவ்வளவு பெரிய செய்தி வர்ற நேரத்துலயும் கையில இருந்த வேலையை யாரோ ஒருத்தர் வாங்கி வச்சுக்கணும்ல, அதை அந்தச் சிற்பி யோசிச்சிருக்காரு. தெற்குப் பக்கத் தூண் ஒண்ணுல சாந்த் ஃபுவாவை ரோமானிய அதிகாரி முன்னாடி கொண்டு போற காட்சி இருக்கு, தேடிப் பிடிச்சுக்கோங்க.

கண்ணாடி ஜன்னல்கள்

இது பழசு இல்ல, 1994ல வச்சது, ஆனா இதைச் சொல்லாம கோங்க்கைப் பத்தி பேச முடியாது. 104 திறப்பு, எல்லாத்துக்கும் வெள்ளைக் கண்ணாடி, வண்ணம் கிடையாது, புனிதர் படம் கிடையாது, கறுப்புக் கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடும், அவ்வளவுதான். செஞ்சவர் பியேர் சூலாஜ், கறுப்பு வண்ணத்தை வச்சே வாழ்நாள் பூரா வரைஞ்ச ஓவியர், 1919ல பக்கத்து ரொதேஸ்ல பிறந்தவர், 2022ல 102 வயசுல இறந்தாரு. பையனா இருந்தப்ப இந்தக் கோயிலுக்குள்ள நின்னப்பதான் கலைதான் தன் வாழ்க்கைன்னு முடிவு பண்ணினதா அவரே சொல்லியிருக்காரு. அரசாங்கம் அவரைக் கேட்டப்ப ஒத்துக்கிட்டு பல வருஷம் உழைச்சு, வெளிச்சம் உள்ள வரணும் ஆனா வெளியில இருக்கறது தெரியக்கூடாதுங்கற மாதிரி ஒரு கண்ணாடியையே புதுசா உருவாக்கினாரு.

ஆரம்பத்துல ஊர்ல எதிர்ப்பு இருந்துது, முன்னாடி இருந்த படம் போட்ட வண்ணக் கண்ணாடியை எடுத்துட்டு இதை வைக்கறதான்னு. எனக்கும் முதல் தடவை என்னமோ ஆபீஸ் ஜன்னல் மாதிரி இருக்கேன்னுதான் பட்டுது. ஆனா காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சூரியன் சாயறப்ப ஒரு தடவைன்னு ஒரே தூணுக்குப் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. காலையில நீலம் தட்டும், அப்புறம் பால் வெள்ளை, சாயங்காலம் ஆரஞ்சு. கண்ணாடியில நிறமே இல்ல, வானத்தோட நிறம்தான் வருது, அது அப்படியே மஞ்சள் கல்லு மேல விழுந்து கல்லோட நிறத்தை மாத்திக்கிட்டே இருக்கும். இப்ப என்னைக் கேட்டா வண்ணக் கண்ணாடி அந்தக் கல்லை மறைச்சிருக்கும்னுதான் சொல்லுவேன்.

முற்றமும் பொக்கிஷமும்

தெற்குப் பக்கம் வெளிய வந்தா, கோயில் சுவத்துல பெகோன் மடாதிபதியோட கல்லறை மாடம், அப்புறம் மடத்து முற்றம். முற்றத்தைச் சுத்தி இருந்த தூண் நடை பெரும்பாலும் போயிடுச்சு, 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இடிஞ்சு கிடந்தப்ப ஊர்க்காரங்களே கல்லை வீடு கட்ட எடுத்துட்டுப் போயிட்டாங்க. நிக்கிற வளைவுகள்ல ஒரு தூண் தலைப்பைக் கண்டிப்பா பாருங்க. ஒரு சுவத்துக்குப் பின்னாடி இருந்து கட்டுமான ஆளுங்க தலை நீட்டறாங்க, கையில கருவி, ஒருத்தர் கொம்பு ஊதறாரு. இந்தக் கோயிலைக் கட்டின கொத்தனார்ங்க பேரு நமக்குத் தெரியாது, முகம் மட்டும் இங்க இருக்கு.

பொக்கிஷ அறைக்கு டிக்கெட் எடுத்து உள்ள போகணும். அங்க நடுவுல இருட்டுல தனியா உட்கார்ந்திருக்கும் அந்தச் சிலை, சாந்த் ஃபுவா மாதா மாதிரி அரியணையில. உயரம் 85 செமீதான். உள்ள மரம், மேல தங்கத் தகடு, உடம்பு பூரா ரத்தினம், செதுக்கின பழைய ரோமானியக் கல்லுங்க, முத்து, எல்லாம் நூற்றாண்டு நூற்றாண்டா ஜனங்க குடுத்தது. தலை மட்டும் உடம்பை விட ரொம்பப் பழசு, ரோமானியப் பேரரசோட கடைசி காலத்து தங்க முகம், யாரோ ஒரு ஆம்பளையோடதுன்னு நினைக்கிறாங்க, அதை எடுத்து இந்தச் சின்னப் பொண்ணுக்கு வச்சுட்டாங்க. கண்ணு ரெண்டும் பெருசா முழிச்சு நம்ம தலைக்கு மேல எங்கயோ பார்க்கும்.

1013ல அன்ஜே ஊர்ல இருந்து பெர்னார்ன்னு ஒரு படிச்ச வாத்தியார் வந்தாரு. வழியில ஒரு ஊர்ல இதே மாதிரி தங்கச் சிலையைப் பார்த்துட்டு, ஜூபிட்டர் சிலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கூட வந்தவர்கிட்ட லத்தீன்ல நக்கலா கேட்டவரு அவரு. கோங்க் வந்து, ராத்திரி பூரா கோயில்ல நெருக்கியடிச்சு விழுந்து கிடக்கற ஜனத்தைப் பார்த்து, அவங்க சொன்ன கதையெல்லாம் கேட்டு, மனசு மாறி, சாந்த் ஃபுவாவோட அற்புதங்களை எழுதின முதல் ஆளே அவர்தான். இன்னிக்கு நமக்கு இந்த ஊர் ஜனத்தைப் பத்தி இவ்வளவு தெரியுதுன்னா அவர் எழுதி வச்சதாலதான்.

பக்கத்துல ஏ எழுத்து வடிவத்துல ஒரு பேழை இருக்கும். சார்லமேன் ஒவ்வொரு மடத்துக்கும் ஒரு எழுத்து குடுத்தாரு, கோங்க்குக்கு முதல் எழுத்துன்னு கதை. உண்மையில அது 1100 வாக்குல பெகோன் காலத்து வேலை.

இதெல்லாம் எப்படி தப்பிச்சுதுங்கறதுதான் எனக்கு இந்த ஊர் மேல மரியாதை வரக் காரணம். ஃபிரெஞ்சுப் புரட்சி சமயம் நாடு பூரா கோயில் தங்கம் வெள்ளியெல்லாம் பறிமுதல் பண்ணி உருக்கினாங்க. கோங்க் ஜனங்க ராத்திரியோட ராத்திரியா பொக்கிஷத்தை எடுத்து ஆளுக்கு ஒண்ணா வீட்டுலயும், தோட்டத்துலயும், செஸ்ட்நட் கொட்டை காய வைக்கிற கொட்டகையிலயும் ஒளிச்சு வச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. ஆபத்து போனப்புறம் எல்லாம் திரும்பி வந்துது. ஏழை ஊரு, ஒரு கல்லைப் பேத்து வித்தாக்கூட பல வருஷம் சாப்பிடலாம்.

கட்டடத்தைக் காப்பாத்தினது இன்னொரு கதை. 1837ல வரலாற்றுச் சின்னங்களோட அரசாங்க ஆய்வாளரா ப்ரோஸ்பெர் மெரிமே இங்க வந்தாரு. ஆளே இல்லாத இப்படி ஒரு காட்டுல இவ்வளவு செல்வம் இருக்கும்னு எதிர்பார்க்கலேன்னு எழுதி, கோயில் விழற நிலையில இருக்குன்னு எச்சரிச்சாரு. சீரமைப்பு மெதுவா நடந்துது. 1873ல ப்ரெமொந்த்ரே சபைத் துறவிங்க வந்து பொறுப்பேத்தாங்க. 1875ல பீடத்தைச் சுத்தின தூண்களுக்கு நடுவுல இருந்த கட்டுச்சுவத்தை உடைக்கறப்ப தோல் போர்த்தி எனாமல் வட்டங்கள் பதிச்ச ஒரு பெட்டி, உள்ள எலும்பு. எப்பவோ ஆபத்துக் காலத்துல ஒளிச்சு வச்ச சாந்த் ஃபுவாவோட திருப்பண்டம்தான் அது. அந்தப் பெட்டியும் பொக்கிஷத்துல இருக்கு.

ராத்திரி

சாப்பாட்டை சீக்கிரம் முடிச்சுக்கோங்க. சீசன்ல ராத்திரி ஜெபம் முடிஞ்சதும் துறவி ஒருத்தர் வெளிய வந்து வாசல் சிற்பத்தை விளக்குவாரு, கூட்டம் படிக்கட்டுல உட்கார்ந்து கேக்கும். ஃபிரெஞ்சுதான், ஆனா மேல சொன்னதெல்லாம் தெரிஞ்சு போனீங்கன்னா மொழி தெரியாமலே கையைப் பார்த்து பின்தொடரலாம். அப்புறம் உள்ள ஆர்கன் வாசிப்பாங்க, டிக்கெட் எடுத்தா மாடிக்கூடத்துக்கு ஏறலாம். ஏறுங்க. பகல்ல பைனாகுலர்ல பார்த்த தூண் தலைப்புங்க இப்ப கைக்கு எட்டற தூரத்துல, உளி போன தடம் கூட தெரியும். நேரம் மாறும், அன்னிக்கு காலையிலயே டூரிஸ்ட் ஆபீஸ்ல கேட்டு வச்சுக்கோங்க.

மறுநாள் காலை

கிளம்பறதுக்கு முன்னாடி யாத்ரீகர் போற வழியில கொஞ்சம் நடங்க. சார்லமேன் தெருன்னு ஒண்ணு செங்குத்தா கீழ இறங்கும், பழைய ஊர் வாசலைத் தாண்டி, தூர்து ஆத்துப் பாலம் வரைக்கும். 1998ல சந்தியாகப்பர் பாதையை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தப்ப கோயிலோட இந்தப் பாலத்தையும் சேர்த்தாங்க. நடுவுல முதுகு உயர்ந்த பழைய கல்லுப் பாலம்.

பாலம் தாண்டினதும் எதிர் மலையில ஏத்தம், மூச்சு வாங்கும், வயசானவங்க பாலத்தோட திரும்பிடறது நல்லது. அம்மா பாலத்துல உட்கார்ந்துட்டாங்க, நான் மட்டும் ஏறினேன். பாதி வழியில சாந்த் ஃபுவா பேர்லயே ஒரு குட்டி சிற்றாலயம், பக்கத்துல ஊற்று, வெளிய தொங்கற கயிறு. ஸ்பெயினை நோக்கிப் போற யாத்ரீகர் இங்க வந்ததும் மணியை அடிப்பாங்க, இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கோம்னு கீழ இருக்கிற ஊருக்கு சேதி சொல்ற மாதிரி. எனக்கு முன்னாடி மூட்டையோட ஏறின ஒரு வயசான ஜோடி அடிச்சாங்க, அப்புறம் கயிறை என் கையில குடுத்தாங்க. அடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தேன், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பலகைக்கல் கூரைங்க, மூணு கோபுரம். பாலத்துக்கு இறங்கி வந்ததும் அம்மா, "மணி கேட்டுச்சு, நீதானே?"ன்னாங்க.